குதிரை முத்திரை உருளை

எமது ஊரிலே ஒரு குதிரை உண்டு. அது புல் மேய்வதில்லை, டீசல் குடிக்கும். கனைப்பதில்லை, காலை வேளைகளில் நீண்ட நேரம் இருமும். நான்கு கால்களுக்குப் பதிலாக மூன்று இரும்புச் சில்லுகளும் 8 தொன் நிறையும் அதற்கு வாய்த்திருக்கின்றன. எமது மைத்துனருக்குச் சொந்தமான பழைய தெருவுருளையைப் பற்றியே பேசுகின்றோம் என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பர்.

அதன் முகப்பிலே, பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் குதிரை ஒன்று வார்க்கப்பட்டிருக்கின்றது. அதனால் ஊரார் அதனைக் ‘குதிரை றோலர்’ என்பர். அக்குதிரை இங்கிலாந்தின் கெண்ட் கோட்டத்துச் சின்னம். அக்கோட்டத்து றொச்செஸ்டர் நகரிலே தோமஸ் ஏவ்லிங் என்பார் 1860களில் நீராவித் தெருவுருளைகளைச் செய்யத் தொடங்கினார். அவரது தொழிலகத்தார் தம் மண்ணின் குதிரையையே தம் முத்திரையாக்கினர். 1934இல் அந்நிறுவனம் பார்போர்ட் அன்ட் பேர்க்கின்ஸ் என்ற நிறுவனத்துடன் இணைந்து, ஏவ்லிங்-பார்போர்ட் என்ற புதுப் பெயருடன் கிறந்தம் நகருக்குக் குடிபெயர்ந்தது. குதிரையும் கூடவே போயிற்று. அதன் அடியிலே ‘வெல்லப்படாதது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்திலே அச்சொல் பொய்த்துவிடும் போலிருந்தது. அக்கதையையே இங்கு எழுத முற்பட்டோம்.

அவ்வுருளையை நெடுங்காலம் ஓட்டியவர் எமது அம்மான். உள்ளூராட்சி மன்றம் ஒன்றிலே அவருக்கு உத்தியோகம். தெருப் போடும் நாட்களில் நாமும் எமது தோழரும் பள்ளி விட்டதும் வீடு செல்லாது, சூடான தாரின் மணத்தை முகர்ந்தபடி அவருருளையின் பின்னே நடப்போம். “படியாட்டில் மாமாவோடை றோலரிலைதான் ஏற வேண்டி வரும்” என்று எமது தாயார் ஏசுவார். அது தண்டனையென அவர் நினைத்தார். எமக்கோ அதனிலும் மேலான பரிசு உலகில் இருப்பதாகத் தோன்றவில்லை. பின்னர் படித்தோம், பட்டம் பெற்றோம், கல்லூரியிலே பௌதிகவியல் ஆசிரியரானோம். ஆசிரியரான புதிதில் ஒருநாள் அம்மான் எண்ணெய்க் கறை படிந்த சாரத்துடன் கல்லூரி வாயிலுக்கு எம்மைத் தேடி வந்தபோது, சக ஆசிரியர் காணுமுன்னே அவரை அனுப்பிவிட அவசரப்பட்டோம். அவர் அதனைக் கவனித்தாரோ என்னவோ, பின்பு ஒருபோதும் கல்லூரிப் பக்கம் வந்ததில்லை.

1990இன் பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்ட காலத்தை எம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. தெருக்களோ போடுவாரின்றிக் கிடந்தன. உருளைக்கு வேலை இல்லை. ஆயினும் வாரம் ஒருமுறை அம்மான் சென்று, இயந்திரம் இறுகிப் போகாதவாறு அதைக் கையினாற் சுழற்றிவிட்டு வருவார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்ததே, அன்று எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அம்மான் டீசல் தெளிக்கும் முனைகளைக் கழற்றி, அவற்றின் துவாரங்களில் மழைநீர் புகாதபடி மரக்கட்டை அடித்து, முனைகளைக் கிறீஸ் பூசிய துணியிற் சுற்றி வேலியோரத்திற் புதைத்துவிட்டே புறப்பட்டார். மறு வருடம் திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை இருக்கின்றதா என்று பார்க்குமுன் அவர் தோண்டியது அந்த வேலியோரத்தைத்தான். மாமியார் இதனை இன்றும் சொல்லிக் காட்டுவதுண்டு.

போர் முடிந்த பின் மன்றத்துக்குப் புதிய அதிர்வுருளைகள் வந்தன. 2011இல் பழையது ஏலத்துக்கு விடப்பட்டது. அம்மான் தமது ஓய்வூதியப் பணத்தைக் கொடுக்க, அவர் மகன் அதனை எடுத்தார். சிறு சிறு ஒழுங்கைகளுக்குக் கிரவல் பரவி இறுக்கும் ஒப்பந்த வேலைகளே எமது மைத்துனரின் சீவனோபாயமாயின.

மண்ணை இறுக்குவது பாரத்தால் மட்டும் ஆகிற காரியமன்று. மண்ணிலே மணிகளுக்கிடையே காற்றுவெளிகள் உள்ளன. அக்காற்றை வெளியேற்றி மணிகளை நெருங்கச் செய்வதே இறுக்கம். நீர் குறைந்தால் மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அசைய மறுக்கும். நீர் மிகுந்தால் வெளிகளை நீரே நிரப்பிக்கொள்ளும், நீரோ அமுங்காது. இரண்டுக்கும் இடையில் ஒரு நிலை உண்டு. அமெரிக்க நாட்டு லொஸ் ஏஞ்சலீசில் அணைக்கட்டு வேலைகளில் ஈடுபட்டிருந்த புரொக்டர் என்னும் பொறியியலாளர் 1933இல் இதற்கு ஒரு சோதனை வகுத்தார். மண்ணை மூன்று படைகளாக ஓர் உருளைப் பாத்திரத்தில் இட்டு, 5.5 இறாத்தல் சம்மட்டியை 12 அங்குல உயரத்திலிருந்து படைக்கு 25 முறை விழவிட்டு, எந்த ஈரத்தில் மண் அதிக அடர்த்தி பெறுகின்றது எனக் காண்பது அது. எமது அம்மான் புரொக்டரைக் கேள்விப்பட்டதில்லை. ஒரு பிடி கிரவலை எடுத்து உள்ளங்கையில் அழுத்துவார். உருண்டையாகி, பெருவிரலால் அமர்த்தியதும் இரண்டாகப் பிளந்தால் “ஓட்டலாம்” என்பார். பொடிந்தால் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். கையில் ஒட்டினால் வீட்டுக்குப் போய்விடுவார். ஓவசியர் என்ன சொன்னாலும் திரும்பி வரமாட்டார்.

இந்த ஈரக் கணக்கினாலேதான் 2022 புரட்டாசி எமக்குச் சங்கடமாயிற்று. மைத்துனர் ஓர் ஒழுங்கை வேலையை ஏற்று, மனைவியின் நகைகளை அடைவு வைத்துக் கிரவல் பறித்திருந்தார். ஐப்பசி பிறந்தால் மழை. மழைக்கு முன் இறுக்காத கிரவல் சேறு. அவ்வேளை பார்த்து முன்னுருளையின் புஷ் தேய்ந்து போயிற்று. முன்னுருளை ஒரே துண்டன்று. வளைவுகளில் ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுழலும் பொருட்டு அது இரு துண்டங்களாக ஒரே அச்சில் பூட்டப்பட்டிருக்கும். அச்சுக்கும் உருளைக்கும் இடையிலே தேய்மானத்தை ஏற்கும் வெண்கல வளையமே புஷ். அது தேய்ந்தால் உருளை சரியும். சரிந்த விளிம்பு ஏர்போல் மண்ணைக் கிழிக்கும். இறுக்கப் போன இயந்திரம் உழத் தொடங்கிவிடும்.

புதிய பாகம் வாங்கலாமென்றால், செய்த ஊரிலே இன்று அவ்வுருளை செய்வாரில்லை. இலண்டனில் உள்ள உறவினர் ஒருவர் விசாரித்து, பழைய உருளைகளைப் பேணி வைத்திருக்கும் ஆர்வலர்களிடம் பாகங்கள் இருக்கக்கூடும் என்றார். ஆனால் அவ்வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறிவிட்டிருந்தது, இறக்குமதியும் இறுகியிருந்தது. அதிர்வுருளை ஒன்றை வாடகைக்கு அமர்த்தினால் ஒப்பந்தப் பணத்திற் பாதி அதற்கே போய்விடும். இந்நிலையில் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து, ஏலத்தில் மைத்துனர் கொடுத்ததைவிடப் பன்மடங்கு தருவதாகக் கூறினார்.

விற்றுவிடும்படி ஆலோசனை கூறியவர் நாமே. நகையை மீட்கலாம், கடன் தீரும், கிழட்டு இரும்பைக் கட்டி அழுவானேன் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். மைத்துனரும் “ஐயா, மச்சான் சொல்லுறதும் சரிதானே” என்றார். அம்மானுக்கு அப்பொழுது எண்பதைத் தாண்டிய வயது, கண்ணிலே புரை. திண்ணையிலிருந்தபடி, “இரும்பை விக்கிறது லேசு. நாளைக்குத் தெருப் போட எதைக் கொண்டு போவியள்?” என்று கேட்டுவிட்டு, உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார்.

பெட்டி நிறையத் தேய்ந்த புஷ்கள். முப்பது நாற்பது ஆண்டுகளாகக் கழற்றிய ஒன்றையும் அவர் எறிந்திருக்கவில்லை. புதியது வார்க்கப் பழையதையே உருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கோயில் மணிகளும் விளக்குகளும் வார்க்கும் கன்னார் ஒருவர் எமக்கு அறிமுகமானவர். அவரிடம் உள்ள வெண்கலத்திலேயே வார்க்கச் செய்தால் என்னவென்று நாம் வினவ, அம்மான் சிரித்தார். மணிக்குரிய வெண்கலத்தில் வெள்ளீயம் ஐந்திலொரு பங்களவு இருக்கும். ஆதலால் நாதம் வரும், ஆனால் அது கடினமானது, நொறுங்குவது. அதைப் புஷ்ஷாக இட்டால் அது தேயாது, அச்சைத் தின்னும். புஷ்ஷுக்கு உகந்தது செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற அளவில் அமைந்த கலவை. அச்சைவிடப் புஷ் மென்மையாக இருத்தல் வேண்டும். தேய வேண்டியது எது என்பதை முன்னரே தீர்மானித்து வைப்பதே இயந்திரக்காரனின் கெட்டித்தனம். அம்மான் விகிதங்களைச் சொல்லவில்லை. “மணி சத்தம் போடோணும், புஷ் சத்தம் போடக் கூடாது” என்றார். விகிதங்களை நாம் பின்னர் புத்தகத்திற் பார்த்துக்கொண்டோம்.

பழைய புஷ்களுடன் நீர்க்குழாய்களிற் கழற்றிய இரண்டொரு பழைய வால்வுகளையும் சேர்த்து உருக்கினார் கன்னார். வார்ப்பு ஆறும்போது சுருங்கும் என்பதனால் அச்சுருவைச் சற்றுப் பெரிதாகவே செய்திருந்தார். இனி உட்புறத்தைக் கடைந்து அச்சுக்குப் பொருத்த வேண்டும். அளவெடுக்கும் பொறுப்பை நாமே விரும்பி ஏற்றுக்கொண்டோம். ஆய்கூடத்து வேணியர் இடுக்கியை எடுத்துச் சென்று, அச்சின் நடுவிலே மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்து, அளவைக் கடைச்சற் பட்டறைக்குக் கொடுத்தோம். கடைந்து வந்த புஷ்ஷை அச்சின் நுனியிலே நுழைக்க முயன்றால், நுழைய மறுத்தது.

“எத்தினை இடத்திலை அளந்தனி, தம்பி?”

ஓரிடத்தில் என்றோம்.

“படிச்ச பிள்ளை ஒரு இடத்திலை அளக்கிறதோ?”

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வியந்து கேட்டார். அதுவே எமக்கு அதிகம் சுட்டது. ஓர் அளவீட்டை மூன்று முறை எடுத்துச் சராசரி காண்க என்று ஆண்டு தவறாமல் மாணவருக்குப் புகட்டுபவர் நாம். அச்சு நிலையாக நிற்க, உருளையே அதைச் சுற்றிச் சுழல்கின்றது. இயந்திரத்தின் பாரம் எப்பொழுதும் அச்சின் அடிப்புறத்தின் வழியாகவே புஷ்ஷுக்கு இறங்கும். எனவே நடுப்பகுதியின் அடிப்புறம் ஒன்றரை மில்லிமீற்றர் வரை தேய்ந்திருக்க, மேற்புறமும் நுனிகளும் புதிதுபோல் இருந்தன. தேய்ந்த இடத்து விட்டத்தை நாம் கொடுத்திருக்கின்றோம்! அம்மான் அச்சைக் கழற்றி அரைவட்டம் திருப்பச் சொன்னார். தேய்ந்த வயிறு மேலே போக, தேயாத முதுகு கீழே வந்து பாரத்தை ஏற்றது. தேயாத நுனியின் அளவுக்குப் புஷ்ஷை மீண்டும் கடைந்தோம். இடைவெளியும் நாம் நினைத்ததைவிடச் சற்று அதிகம் விடவேண்டும் என்றார். மெதுவாகச் சுழல்வது, புழுதியில் உழல்வது, “கிறீசுக்கும் இருக்க இடம் வேணுமெல்லே?” இதற்குள் மின்வெட்டும் பட்டறையின் வேறு அவசர வேலைகளும் குறுக்கிட, இரண்டு நாட்கள் கழிந்தன. அந்த இரண்டு நாட்களைப் பற்றிப் பின்னே கூறுவோம்.

புஷ் முடிய, ஆணி தொடங்கிற்று. முன்னுருளையைத் தாங்கும் கவையின் அரையங்குல ஆணிகளில் மூன்று முறிந்திருந்தன. அயற்கடையிலே அரையங்குலம் என்று கேட்டு வாங்கி வந்ததை வேலைக்கு நின்ற பொடியன் பூட்டினான். இரண்டு சுற்றுச் சென்று நின்றது. இன்னும் நீளமான சாவி போட்டு நெரித்தான். புரி முழுவதும் உரிந்து போயிற்று. அம்மான் முறிந்த பழைய ஆணியை வாங்கி, கண்ணுக்கு அருகிலும் கொண்டு போகாமல், பெருவிரல் நகத்தைப் புரிகளின் மேல் இழுத்து எண்ணினார். “அங்குலத்துக்குப் பன்னிரண்டு. நீங்கள் வாங்கினது பதின்மூண்டு.” அவ்வளவே குற்றம். ஜோசப் விட்வேர்த் 1841இல் வகுத்த பிரித்தானியப் புரியிலே அரையங்குல ஆணிக்கு 12 புரிகள், புரிக்கோணம் 55 பாகை. உலகப் போரின் பின் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஒத்துக்கொண்ட புரியிலே 13 புரிகள், கோணம் 60 பாகை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பொருத்தினால் ஒன்றையொன்று கொல்லும். விட்வேர்த் சாவிகளிலும் ஒரு விசித்திரம் உண்டு. அவற்றிலே பொறிக்கப்பட்டிருப்பது சாவிவாயின் அகலமன்று. அது பிடிக்கும் ஆணியின் விட்டம். இதனை அறியாது எத்தனை பேர் விரலை நசுக்கினரோ!

அவ்வாரம் வேறோர் அலுவலாகக் கொழும்பு செல்ல நேர்ந்தது. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையிலே, வாகனங்களின் எலும்பும் தோலும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதற் கடையில் ஏவ்லிங்-பார்போர்ட் உருளைக்கு ஆணி என்றோம். இல்லையெனத் தலையசைத்தார்கள். அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதிலே ஒருவர் சிரித்து, நூதனசாலையில் விசாரிக்கும்படி நல்ல தமிழிலே கூறினார். அப்பொழுதுதான் எமக்குப் புத்தி வந்தது. நான்காவது கடையிலே பெயர் சொல்லவில்லை. முறிந்த ஆணியை மேசையில் வைத்து, “அரையங்குலம், 12 புரி, நீளம் மூன்றரை” என்றோம். கடைக்காரர் ஒன்றும் பேசாது உட்சென்று, ஒரு பழைய பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தார். தேடிய ஆணிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. எண்ணிக்கூட விற்கவில்லை; தராசில் நிறுத்துத் தந்தார்.

பெயரைச் சொன்னால் இல்லை. அளவைச் சொன்னால் உண்டு. திரும்பும் வழியெல்லாம் இதுவே எமது சிந்தனை. பெயர்கள் கம்பனிகளுடன் போய்விடுகின்றன. எண்ணெய் ஒழுகாது தடுக்கும் வளையத்துக்கு அச்சின் விட்டம், அது அமரும் குழியின் விட்டம், அகலம் ஆகிய மூன்றும் தெரிந்தால் எந்த நாட்டு வளையமும் பொருந்தும். பெயாரிங்கின் விளிம்பிலே 6308 என்றிருந்தால், இறுதி இரண்டு இலக்கங்களை ஐந்தாற் பெருக்க, 40 மில்லிமீற்றர் உள்விட்டம் வந்துவிடும். செய்தவர் யப்பானியரா ஜெர்மனியரா என்று கேட்க வேண்டியதில்லை. மாணவர்கள் இதனைச் சைக்கிள் கடையிலே சோதித்துப் பார்க்கலாம். மிகச் சிறிய பெயாரிங்குகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. பழைய பிரித்தானிய இயந்திரங்களின் அங்குலக் கணக்குப் பெயாரிங்குகளே தலையிடி தருபவை. அவற்றுக்கு அம்மானின் தகரப் பெட்டி போன்றவைதான் கதி.

இயந்திரத்தைப் பற்றி எமக்குக் கவலை இருக்கவில்லை. அதன் பழைய இயந்திரம் செத்தபோதே, மைத்துனர் மாசி பேர்குசன் உழவு இயந்திரம் ஒன்றின் பேர்க்கின்ஸ் இயந்திரத்தை வாங்கிப் பூட்டியிருந்தார். வயல் உள்ள இடமெல்லாம் அதற்குப் பாகம் உண்டு. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எழுந்தமானமாக ஒரு கடையிற் கேட்டாலே கிடைக்கும். கிளச்சை மட்டும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பழைய கிளச்சு உறைகளிலே கல்நார் கலந்திருக்கும். மைத்துனர் காற்றடித்து அப்புழுதியை ஊதுவார். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியினால் துடைத்தெடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம். இவ்விடயத்திலே மட்டும் எமது படிப்பு உதவிற்று. நாற்பது வருடம் ஊதிய அம்மான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறக்கச் சில நாட்களே இருக்க, குதிரை எழுந்தது. ஆறு நாட்கள் ஒழுங்கையிலே முன்னும் பின்னும் நடந்தது. மைத்துனர் ஓட்ட, அம்மான் மதகிலே அமர்ந்து, நிற்பாட்டாதே, நிற்பாட்டாதே என்று கத்திக்கொண்டிருந்தார். உருளை நின்ற இடத்தில் குழி விழும். ஆதலால் முன்னோட்டத்தைப் பின்னோட்டமாக மாற்றும்போதும் தாமதமின்றி, குலுக்கமின்றி மாற்ற வேண்டும். ஏழாம் நாள் விடியற்காலையிலே மழை பிடித்துக்கொண்டது. ஒழுங்கையின் கடைசி அறுபது யார் மட்டும் இறுக்கப்படாமல் இருந்தது. அது முழுவதும் கரைந்து வாய்க்காலுக்குப் போயிற்று. பளுதான கிரவலுக்கு மைத்துனர் தை மாதத்தில் மறுபடியும் பணம் கொடுக்க நேர்ந்தது. நகைகளில் ஒரு சோடி காப்பு அதற்காக இன்னும் ஐந்து மாதம் அடைவில் இருந்தது. எமது ஒற்றை அளவீட்டினால் இழந்த இரண்டு நாட்கள் இருந்திருந்தால் அவ்வறுபது யாரும் முடிந்திருக்கும். மைத்துனர் அதனை வாய்திறந்து சொன்னதில்லை. அவர் மனைவியின் வெறுங்கையைக் காணுந்தோறும் நாமே சொல்லிக்கொண்டோம்.

அதன் பின்னர் ஞாயிறுதோறும் ஒரு கொப்பியுடன் அம்மான் வீட்டுக்குப் போகின்றோம். உருளையின் ஒவ்வோர் உறுப்பின் அளவையும் அவர் சொல்ல நாம் எழுதுகின்றோம். எந்தப் பாகத்துக்கு எந்த வண்டியின் பாகம் ஒத்துவரும், எதனை எத்தனை நாளுக்கொருமுறை கவனிக்க வேண்டும் என்பனவும் அதில் அடக்கம். பல வருடங்களுக்கு முன்னரே அவர் கேட்ட காரியம் இது. நேரமில்லை என்று தட்டிக் கழித்து வந்தோம். சொல்லிய அளவை இப்பொழுது நேரே சென்று மூன்று இடங்களில் அளந்து பார்த்த பின்னரே கொப்பியில் ஏற்றுகின்றோம். அவர் சொன்னதில் இதுவரை இரண்டே இரண்டு பிழைகள். இரண்டையும் அவர் ஏற்கவில்லை. வேணியர் பிழை என்கின்றார்.

சென்ற ஞாயிறு பின்னேரம் எழுதிக்கொண்டிருக்கையில், வேலை முடிந்து வந்த உருளை சந்தியிலே திரும்பும் ஓசை கேட்டது. அம்மான் கையை உயர்த்தி எம்மை நிறுத்தினார். காதைச் சற்றே சாய்த்துக் கேட்டார்.

“இடப் பக்கம் கிறீஸ் காணாது. பொடியனிட்டைச் சொல்லு” என்றவர், நாம் எழும்புவதைக் கண்டு, “இப்ப வேண்டாம், காலமை சொன்னால் போதும். பின் அச்சுக்கு வா, எழுது” என்றார்.